அளந்து கொட்டியது

காலை எட்டரைக்கு நான் கம்பிவேலிக்குள் இருக்க வேண்டும்.
புனலைக் கழற்றி, புட்டியை வெளியே எடுத்து,
கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி
கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டும்.
மேலே இருந்து பார்த்தால் கூடுதலாகத் தெரியும்.
கீழே இருந்து பார்த்தால் குறைச்சல்.
கிளார்க் அரியநாயகம் முதல் நாளே சொன்னது.

இன்று ஏழு தடவை நிறைந்தது குவளை.
எட்டாவதில் இரண்டு கோடு.
நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.
எழுதிக் கையெழுத்துப் போட்டதும்
தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும், அதுதான் விதி.
கொட்டாவிட்டால் நேற்றைய மழை
நாளைய கணக்கில் ஏறிவிடும்.

பன்னிரண்டு வருஷமாகக் கொட்டுகிறேன்.
லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் மில்லிமீட்டர் அக்கா.
லீவு விடுவார்களா என்று என்னைத்தான் கேட்பார்கள்.

வீட்டில் இன்றைக்கு
அரைக் குடம் இருக்கிறது.
நீல டிரம்மின் அடியில் ஒரு சொம்பு, அதில் பாசி.
கோத்தகிரியிலிருந்து ஹாலன் போன் செய்தான்,
வால்வு திறக்கிறவன், எட்டு வார்டுக்கு அவன் ஒருத்தன்.
மெயின் பைப்பை மண்சரிவு இழுத்துக்கொண்டு போய்விட்டதாம்.
மோட்டார் சேற்றுக்குள்.
கற்பூர மரம் சாய்ந்து கரண்டும் இல்லை.
லாரித் தண்ணி? என்றேன்.
மூன்றாவது வளைவில் ரோடே இல்லையே அக்கா, என்றான்,
மழை ரொம்ப ஜாஸ்தி.
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால்
ஒரு லிட்டர்.
என் தகரக் கூரை இருபத்தெட்டு சதுர மீட்டர்.
நேற்று ராத்திரி நான் படுத்திருந்த தலைக்கு மேலே
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு லிட்டர்
தடதடவென்று நடந்து போயிருக்கிறது.
கூரையோரம் பீலி வைக்க
ஆபீஸில் மூன்று மனு கொடுத்தேன்.
கட்டடத்தின் அமைப்பை மாற்றக் கூடாது என்று பதில்,
நல்ல தாளில்.

நாலாம் நம்பர் காட்டுக்குக் கீழே ஒரு சதுப்பு இருந்தது.
அழகெல்லாம் இல்லை.
அட்டை, கோரை, முட்டிவரை கருப்புச் சேறு.
பத்திரத்தில் அதன் பெயர் பயனற்ற நிலம்.
சரியான கஞ்சன் அது.
ஐப்பசி மழை முழுக்க வாங்கி அமுக்கிக்கொண்டு
சித்திரை வரை விரல் தடிமனுக்குத்தான் விடும்.
ஆனால் விடும்.
அந்தக் கஞ்சத்தனத்தில்தான்
கீழே ஆறு ஊர் குளித்தது.

சுற்றிலும் சீகை வைத்தார்கள், உறிஞ்சியது.
கால்வாய் வெட்டிக் கேரட் போட்டார்கள்.
பிறகு ஜேசிபி.
இப்போது அங்கே பதினெட்டு அறை, ஒரு நீச்சல் குளம்,
கார் நிறுத்த சிமெண்ட் கல் பாவிய மைதானம்.
கடலைப் போல் செலவாளி அந்த மைதானம்.
ஒரு சொட்டைக்கூட வைத்துக்கொள்ளாது.
பெய்த அரை மணியில் அத்தனையும் ரோட்டில்,
ரோட்டிலிருந்து பள்ளத்தில்,
பள்ளத்திலிருந்து ஹாலனின் பைப்பின் மேல்.

மேலே அறையில் தங்க வந்தவர்கள்
பால்கனியில் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.
எவ்வளவு தண்ணீர் பாரேன் என்கிறாள் ஒருத்தி.
அவள் சொல்வது பொய்யில்லை.
அவள் மேலே இருந்து பார்க்கிறாள்.

புட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனேன்.
மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி.
சாய்த்தேன்.
சாய்த்த கை பாதியில் நின்றது.

ரெஜிஸ்டரில் 142.0 என்று எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக
"கொட்டவில்லை" என்று எழுதி,
உடனே அடித்துவிட்டேன்.
அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

மத்தியானம் சோறு வெந்தது.
புனல் வாசம் லேசாக இருந்தது.
வெளியே மறுபடி பிடித்துக்கொண்டது மழை.
நாளைக்கு எண்பதாவது வரும்.