சமமில்லாத பாவைகள்

ஹல் நகரத்துக் கண் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஹம்பர்
சேறு எது நீர் எது என்று தெரியாமல் கிடந்தது.
எவந்தியா, வயது எழுபத்தொன்று,
மீன் வறுவல் கடையில் முப்பது வருடம்.
கோட்டில் இன்னும் எண்ணெய் வாடை.

விளக்கை அணைத்து டார்ச் அடித்தேன்.
வலது பாவை கடுகாய்ச் சுருங்கிற்று.
இடதும் சுருங்கி
மிளகளவில் நின்றுகொண்டது.

"அனிசோகோரியா" என்றேன், கோப்பைப் பார்த்து எழுதிக்கொண்டே.
பரீட்சைக்குப் படித்த சொல்,
பல்லில் படாமல் விழுங்கிய மாத்திரை.

அவள் நிமிர்ந்தாள்.
"யார் சொன்னார்கள் உங்களுக்கு?"

விளங்காமல் விழித்தேன்.
மேசைமேல் விரலை வைத்துச் சொல்லை அரிந்தாள்,
முள் இருக்கும் இடம் தெரிந்தவள் போல.
அன், இல்லை.
ஈசோ, சமம்.
அப்புறம் கோரி.
அங்கே விரல் நின்றது.
கோரி என்றால் கண்ணின் பாவை.
கோரி என்றால் மகள்.
"சாப்பிட வா என்று கூப்பிடுகிற சொல், டாக்டர்.
நீங்கள் அதை நோய்க்கு வைத்திருக்கிறீர்கள்."

நோயில்லை என்றேன் அவசரமாக.
ஐந்து பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடியது.
பழைய போட்டோ இருந்தால் தெரிந்துவிடும்,
அன்றே இப்படியா, நேற்று வந்ததா என்று.

பர்ஸிலிருந்து எடுத்தாள்.
வோலோஸ் துறைமுகம், கையைப் பிடித்து நிற்கும் சிறுமி:
பொலிக்ஸேனி, மூத்தவள், லீட்ஸில் வக்கீல்.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
அன்றும் இடது கண் பெரிது.
ஆனால் அவளது இடது தோளோடு படம் முடிந்தது,
ஓரம் தடித்திருந்தது.
கேட்டிருக்க வேண்டும். கை பிரித்துவிட்டது.

மடிப்புக்குள் ஒரு கைக்குழந்தை,
முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு.

"ஸ்தமாத்தியா.
நிறுத்து என்று அர்த்தம்.
பெண் போதுமென்று அப்பன் வைத்த பேர்.
நின்றாளா?
அடிலெய்டு வரைக்கும் போய்விட்டாள்."

லத்தீன்காரர்கள் இதே கறுப்புப் பொட்டைப்
பூபில்லா என்றார்கள்:
பொம்மைப் பெண்.
பெற்றவரற்ற சிறுமிக்கும் அதே பேர்.
தெரியும் எனக்கு. சொல்லவில்லை.

மறுபடி டார்ச்சோடு குனிந்தபோது
அவள் இடது கண்ணில் கட்டைவிரல் உயரத்துக்கு
வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி
எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"எது சரியான அளவு?" என்றாள்.
அப்படி ஒன்று இல்லை,
வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்வோம்.
ஒரு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தேன்.

விரித்த படம் பர்ஸில் நுழையவில்லை.
கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள்.
கீழே வரவேற்பில் கேட்டாளாம்,
அடிலெய்டில் இப்போது மணி என்ன என்று.
யாருக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.