அருகில்

அறை வாடகை கம்பெனி கணக்கு,
புள்ளி என் கணக்கு.
அங்குல், கோர்பா, பெல்லாரி என்று
லாரி ஏறி நிற்கும் எடைமேடைகளுக்கெல்லாம்
கல் வைத்துச் சரிபார்த்து முத்திரையிடுகிறவள் நான்.
எந்த ஊரிலும் அதே பெயர்ப்பலகை,
அதே பழுப்புத் திரை,
தலையணை மேல் ஒரே ஒரு புதினா மிட்டாய்.
அதை யாழரசிக்கென்று பையில் போட்டுக்கொள்வேன்.

மூன்று வருடத்தில் முப்பத்தோராயிரத்து நானூறு.
மார்ச்சோடு காலாவதி என்று
குறுஞ்செய்தி வந்த இரவில்
தயாளன் எண்ணூர் சாலையில்
கண்டெய்னர் வரிசையில் நாற்பத்தேழாவது வண்டி.

"புலி பாக்கணும்" என்றாள் மகள்.

முதுமலைக்கு அருகில் என்று போட்டேன்;
மைசூரைக் காட்டியது.
கான்ஹாவுக்கு அருகில் ஜபல்பூர்.
அருகில் என்கிற சொல்லை
இவர்கள் எந்தக் கல்லை வைத்து நிறுக்கிறார்கள்?
காசிரங்காவுக்கு குவாஹாட்டி;
அதுவரை பறக்கப் புள்ளி செல்லாது.
கார்பெட்டில் மட்டும்
காட்டை ஒட்டியே, ஆற்றைப் பார்த்த அறை,
ஓர் இரவுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம்.
இன்னும் எட்டரை வருடம் லாரி நிறுத்தால் போகலாம்.
அதற்குள் யாழரசிக்கு
புலி மேல் ஆசை இருக்குமோ என்னவோ.

இருப்பிடத்தை அனுமதிக்கவா என்று கேட்டது.
சரி என்று அழுத்தினேன்.
தண்டையார்பேட்டையில் நீலப்புள்ளி துடித்தது.
மிக அருகிலுள்ள தேசியப் பூங்கா:
கிண்டி.
ஓர் இரவு, முப்பதாயிரம்.

"இன்னாது, கிண்டியா?"
போனில் தயாளன் சிரித்ததில்
முன்வண்டி ஹாரன்கூடக் கேட்கவில்லை.
"பாம்புப் பண்ணைக்கு ஸ்கூல்லயே இட்டுனு போனாங்களேம்மா!"
ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டார்.

மெட்ரோவில் ஏறி, மாறாமல் இறங்கினோம்.
வரவேற்பில் இருந்த பையன்
ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"லோக்கல் ஐடிக்கு ரூம் தர்றதில்ல மேடம்."
இதே அட்டையை அங்குலில் நீட்டினால்
வணக்கம் போட்டுத் தண்ணீர் தருவார்கள்.
சொந்த ஊரில் சந்தேகம்.
வெள்ளி உறுப்பினர் என்று திரையைக் காட்டினேன்.
யாரிடமோ பேசினான்.
யாரிடமோ பேசிவிட்டு
தயாளனின் செருப்பைப் பார்த்தான்,
என் பையைப் பார்த்தான்,
சாவி அட்டையைத் தந்தான்.

ஒன்பதாவது மாடி.
திரையை விலக்கினாள் யாழரசி.
ஊர் முழுக்க விளக்கு.
நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.
"அங்க கரண்ட் போச்சாம்மா?"

எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்
மணலிப் பக்கம் ஒரு தீ,
இரவெல்லாம் அணையாது.
அதைப் பார்த்தே தூங்கப் பழகியவள்
இருட்டை முதல்முறை
இவ்வளவு பெரிதாகப் பார்க்கிறாள்.

அதுதான் காடு என்றேன்.
"புலி இருக்கா?"
இல்லை.
"பின்ன யாரு இருக்கா?"
மான், நரி.
நரிக்குக் கொஞ்சம் யோசித்தாள்.
கண்ணாடியில் மூக்கை வைத்து
மூச்சால் அதை மூடிவிட்டு
துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

தயாளன் அதற்குள் தூங்கிவிட்டார்.
பன்னிரண்டு வருடமாக
ஸ்டியரிங் மேல் நெற்றி வைத்துத் தூங்குகிறவர்.
வெள்ளை விரிப்பில் கைகளை அகல விரித்து
முழு நீளத்துக்குக் கிடந்தார்.
விளக்கை அணைத்தேன்.

விடியலில் இலைகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது.
புள்ளிமான் என்றாள் மகள்.
எனக்கு நாய் போலிருந்தது.
"புள்ளி தெரியுதும்மா" என்றாள் அடம்பிடித்து.
காலை உணவு இருவருக்கு மட்டும்தான் இலவசம்;
அவரை எழுப்பவில்லை.
நாங்கள் இருவரும்
மூன்று பேர் அளவுக்குச் சாப்பிட்டோம்.

பதினொன்றே முக்காலுக்கு எழுந்தார்.
பன்னிரண்டுக்கு அறையைக் காலி செய்யவேண்டும்.
திரையை விலக்கக்கூட நேரமில்லை;
முகம் கழுவி, சட்டை மாட்டி,
மிட்டாயைத் தானே வாயில் போட்டுக்கொண்டு
லிஃப்டுக்கு ஓடினார்.

திரும்புகிற ரயில்
சுரங்கத்தை விட்டு மேலேறி
வெயிலுக்கு வந்தபோது
கன்னத்தில் தலையணை மடிப்பு
இன்னும் கோடாக இருக்க,
தயாளன் சொன்னார்:

"மெய்யாலுமே
நல்லா இருந்துச்சு காடு."