ஐந்தில் முடிகிற தொகை

மீனைச் செவுளில் பார்க்க வேண்டும்.
எண்ணை வாலில்.

காசிமேட்டில், ஐஸ் கம்பெனிக்கு எதிர்த்த கொட்டகையில்
பதினோரு வருஷமாய்ப் போட்டுக் கணக்கு எழுதுகிறேன்.
நோட்டின் ஓரமெல்லாம் உப்பில் ஊறி
அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும்.
டீசல், ஐஸ், அரிசி, முதலாளி பாதி,
ஸ்ராங்குக்கு மேற்படி அரைப்பங்கு
எல்லாம் போக அடியில் நிற்கிற தொகையில்
என் கண் முதலில் போவது கடைசி இலக்கத்துக்கு.

ஐந்து பேர் போன போட்டு என்றால்
பூஜ்யமா, ஐந்தா, அவ்வளவுதான் கேள்வி.
முன்னால் ஆயிரம் இருக்கட்டும், லட்சம் இருக்கட்டும்,
எல்லாம் பத்துப் பத்தாய்க் கட்டின கட்டு.
பத்தை ஐந்து பேருக்கு எப்போதும் பிரிக்கலாம்.
தகராறு பண்ணுவதென்றால்
கட்டில் சேராத உதிரிதான் பண்ண வேண்டும்.

புதன் விடியலில் தேசப்பன் போட்டு வந்தது.
வஞ்சிரம் சுமார், கடம்பா பரவாயில்லை,
பாறை மட்டும் ஏலத்தில் ஏறியது.
கழித்துக் கழித்து அடிக்கோடு போட்டேன்:
நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து.

“அஞ்சுல முடியுதுடா!” என்றான் எட்டியப்பன்.
தலைக்கு ஒன்பதாயிரத்து நானூற்று எழுபத்தேழு.
லுங்கியில் கை துடைத்துக்கொண்டு
ஐந்து பேரும் நெருங்கி வந்தார்கள்.

ஐஸ் பெட்டியின் மேல்
ஆறாவதாய் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.
சிம்மாத்ரி. ஸ்ரீகாகுளம் பக்கம்.
இடது உள்ளங்கையில் துணிக் கட்டு.
இரண்டாம் ராத்திரி விசிறியில் வலை சுற்றி
எஞ்சின் நின்றுபோனபோது
பக்கத்துப் போட்டிலிருந்து
வாயில் கத்தியோடு குதித்தவன்.
அறுத்துவிட்டு மேலே வந்தவனை
“இங்கியே இரு” என்றது தேசப்பன்தான்.
பிறகு மூன்று நாள் அவனும் வலை இழுத்திருக்கிறான்.

“இவனுக்கு?” என்றேன்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை, அவனையும்.
எல்லோரும் நோட்டைப் பார்த்தார்கள்.
மணவாளன் எட்டாவது வரை படித்தவன்.
“ஆறுக்கு வராதுக்கா. ஒத்தப்படையில முடியுது பாரு.
ரெண்டுக்கே வர்ல, ஆறுக்கு எப்டி வரும்?
கணக்கே ஒத்துக்கல, நாம இன்னா பண்றது?
ஐந்நூறு குட்த்து அனுப்பு.”

அவன் சொன்ன கணக்கு சரி.
அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆறு என்பது இரண்டும் மூன்றும்
ஒரே வீட்டில் நடத்துகிற குடித்தனம்.
இரண்டு, வாலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும்.
மூன்று அப்படி இல்லை,
முன்வரிசை பின்வரிசை பார்க்காமல்
ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு விசாரிக்கும்.
நாலு, ஏழு, மூணு, எட்டு, அஞ்சு.
பேனா முனையால் தட்டிக்கொண்டே போனேன்.
இருபத்தேழு. மூன்றுக்குச் சம்மதம்.
முறுக்கிக்கொண்டு நிற்பது
கடைசியில் இருக்கிற அந்த ஐந்து மட்டும்.

அதனிடமிருந்து மூன்று ரூபாய் பிடுங்கினேன்.
இரண்டில் முடிந்தது. கூட்டினால் இருபத்துநாலு.
தலைக்கு ஏழாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு,
ஆறு தலைக்கும்.

மூன்று நாணயத்தை நோட்டின் மேல் வைத்தேன்.
“ஒத்துக்காதது இது தானா, மணவாளா?
இல்ல, ஆளுக்கு ஆயிரத்தைந்நூத்து எண்பதா?”

டீக்காரன் வந்தான், போனான். யாரும் வாங்கவில்லை.
தேசப்பன் வெகுநேரம் இருமினார்.
“எழுதும்மா” என்றார்,
யாருக்கோ அபராதம் கட்டுகிற குரலில்.

ஏடு வேல எனிமிதி வந்தல தொம்பை ஏடு என்று
வாய்க்குள் முனகி எண்ணினான் சிம்மாத்ரி.
கட்டுப் போட்ட கை நோட்டுகளைச் சரியாய்ப் பிடிக்கவில்லை.
கீழே விழுந்த பத்து ரூபாயை
எட்டியப்பன் எடுத்துக் கொடுத்தான்.

மூன்று ரூபாய் இன்னும் என் டப்பாவில் கிடக்கிறது.
அடுத்த நடைக்கு மணவாளன்
தன் மச்சானையும் ஏற்றப்போகிறானாம்.
அப்படியென்றால் ஏழு.
ஏழுக்கு வாலைப் பார்த்தும் தெரியாது,
கூட்டிப் பார்த்தும் தெரியாது.
உட்கார்ந்து வகுக்கத்தான் வேண்டும்.