ஜெனரேட்டர் சாவி

முதலில் மேசை.
சாட்ஸ்வொர்த்தில் நான் போன எந்த மண்டபத்திலும்
மேசைக்கு நாலு காலும் சமமாக இருந்ததில்லை.
அழைப்பிதழ் ஒன்றை எட்டாக மடித்து அடியில் கொடுத்தேன்.
கேஷ்னிக்கு இருபத்தொன்று, தங்க எழுத்தில்,
மேசைக்காலைத் தாங்கிக்கொண்டு.

பிறகு மிக்ஸர்.
பைன்டவுனில் ஒருவன் விற்றது.
கிராஸ்ஃபேடருக்குள் கோலா கொட்டியதைச் சொல்லாமல் விற்றான்.
பல் துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக
ஒரு ஞாயிறு முழுக்கச் சுரண்டியும்
நடுவில் வரும்போது இன்னும் ஒரு கரகரப்பு,
செருமிவிட்டுப் பேசுகிற ஆள் மாதிரி.

சிவப்பு வலது, வெள்ளை இடது.
சியபொங்கா பக்கியிலிருந்து இறக்கிய ஸ்பீக்கருக்குள்
ஈ மாட்டிக்கொண்டதுபோல் ரீங்காரம்.
கழற்றினான், செருகினான், ஸுலுவில் திட்டினான்.
லேப்டாப் சார்ஜரை மிக்ஸரின் பிளக்குக்கே மாற்றியதும்
ஈ செத்தது.

கெயினை முதலில் பார்க்க வேண்டும், ஒலியை அப்புறம்.
பச்சை நல்லது. மஞ்சள் போதும்.
சிவப்பைத் தொட்டால் பாட்டு கிழியும்.
பூபாலன் கேட்பது சிவப்பைத்தான்:
"சத்தம் பத்தலையே, தங்கச்சி."
எதனோடும் இணைக்காத ஒரு குமிழை
அவர் கண்முன்னால் திருப்பினேன்.
"ஆ, இப்ப சரி."

ஹெட்ஃபோன் ஒரு காதுக்கு மட்டும்.
எல்லாரும் இந்தப் பாட்டில் ஆடிக்கொண்டிருக்க
நான் பாதி உடம்போடு அடுத்ததில் குடியேறிவிடுவேன்.
எட்டு வருஷமாய் ஒரு பாட்டைக்கூட
இரண்டு காதாலும் கேட்டதில்லை.

அட்டவணைப்படி கரண்ட் பத்து மணிக்குப் போகவேண்டும்.
எட்டேகாலுக்கே போனது.

இருட்டில் கை தானாக மாஸ்டரைக் கீழே இழுத்தது.
திரும்பி வரும் மின்சாரம் 'டொம்' என்று உதைத்தால்
ஸ்பீக்கர் கோன் போய்விடும், வாடகை ஸ்பீக்கர்.
மண்டபத்துக்காரர் ஜெனரேட்டர் சாவியைத் தேடி ஓடினார்.
சுவரில் ஆள் உயரத்துக்கு
வெள்ளித்தாள் ஒட்டிய பிறந்தநாள் சாவி.
"அதக் கழட்டிக் குடுங்கப்பா!"
இருட்டில் யாரோ.

லேப்டாப்புக்கு மட்டும் உயிர் இருந்தது.
ஊமையாகத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது பாட்டு,
நீல மலைகள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் போய் விழுந்தன.
அப்போதுதான் கவனித்தேன்:
ஆட்டம் நிற்கவில்லை.
செல்ஃபோன் வெளிச்சங்களுக்கு நடுவே கைதட்டி
அவர்களே பாடிக்கொண்டிருந்தார்கள்,
பல்லவி தெரிந்தவர்கள் பல்லவியை,
தெரியாதவர்கள் லல்லல்லாவை.

திரையில் பாட்டு முடிந்தது.
மண்டபத்தில் முடியவில்லை.
மறுபடி பல்லவிக்குப் போனார்கள், இன்னும் சாவகாசமாக.
கடிகார முள்ளைப் பார்த்துத் தட்டலை எண்ணினேன்.
பாட்டு நிமிடத்துக்கு நூற்றிருபது.
அவர்கள் நூற்றுப் பன்னிரண்டு.
பிரியாணி சாப்பிட்ட வேகம்.

ஏழு விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே பிட்சைக் குறைத்தேன்...
இல்லை, தப்பு, கொஞ்சம் கீழே.
பல்லவியின் முதல் அடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு
விரலைத் தூக்கியபடி நின்றேன்.
அடுத்த பாட்டு என்று எதுவும் இல்லை.
ஹெட்ஃபோன் கழுத்தில் கிடந்தது,
இரண்டு காதும் மண்டபத்தில்.

கொல்லைப்புறத்தில் ஜெனரேட்டர் இருமியது.
மிக்ஸரில் விளக்கு, பிறகு ஆம்ப்.
அவர்கள் கை மேலே போய்
கீழே வரும் இடத்தில் விரலை வைத்தேன்.
மாஸ்டரை மெல்ல, பால் பொங்குவதுபோல,
அவர்கள் குரலுக்கு அடியிலிருந்து ஏற்றினேன்.
பாட்டு எப்போது வந்ததென்று
யாருக்கும் தெரியவில்லை.

பூபாலனுக்குத் தெரிந்தது.
"என்ன தங்கச்சி, பாட்டு இழுக்குதே, மெஷின் பழசோ?"
அதே குமிழைத் திருப்பினேன்.

பதினொன்றரை.
ஆம்பை முதலில் அணைக்க வேண்டும், மிக்ஸரைக் கடைசியில்.
சியபொங்கா வயர்களைச் சுற்றினான்,
ஒரு வளையம் மேலே, ஒரு வளையம் கீழே,
பாடிக்கொண்டே,
நூற்றுப் பன்னிரண்டில்.

கேஷ்னியின் அப்பா கவரை நீட்டினார்.
பாட்டு நின்ற நாலு நிமிடத்துக்கு
ஐம்பது ராண்ட் பிடித்துக்கொண்டிருந்தார்.