மனனிககவும, இது மீன பறறி அலல

புக்கிட் பாத்தோக், ஒரு புளோக்கின் கீழ்த்தளம்.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு.
கப்பி மீன் வளர்க்கும் நாங்கள் ஏழு பேர்.
கல் மேசையின் சதுரங்கக் கட்டங்கள் மேல்
தண்ணீர்ப் பைகள்.

தூணில் ஒட்டியிருக்கும் அட்டை என் கையெழுத்து:
"மீன், நீர், செடி. வேறு பேச்சு வேண்டாம்."

நான் கொடுங்கோலன் இல்லை.
போன வருடம் ஒருவர்
வைஃபை ஏன் விட்டுவிட்டு வருகிறது என்றார்.
அடுத்தவர் சலவை இயந்திரம் காட்டும் எழுத்துக்கு
அர்த்தம் கேட்டார்.
மூன்றாமவர் கைபேசியைக் கழற்றி
மேசையிலேயே பரப்பினார்.
அன்றைக்கு வால் அழுகிய மீனோடு வந்த பையன், ஹாஸிக்,
பை முடிச்சை விரலில் சுற்றிக்கொண்டு
ஆறு மணி வரை நின்றான்.
மறுமாதம் வரவில்லை.
அட்டை எழுதியது அதற்குப் பிறகு.

தவசீலன் வந்தது ஜூலையில்.
பையில் இரண்டு கப்பி, விலைச்சீட்டு இன்னும் ஒட்டியபடி.
"தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றணும்?"
சொன்னோம்.
பதில் அவர் காதில் ஏறவில்லை.
கை சட்டைப்பைக்குப் போய்ப் போய் வந்தது.
பிறகு நாலாக மடித்த தாளைப் பிரித்தார்.
"மன்னிக்கவும், இது மீன் பற்றி அல்ல."

மனைவி சமைத்து அலுவலகங்களுக்கு அனுப்புகிறார்.
பட்டியலை அச்சடித்தால் வருவது இது:

     தயிர சாதம
     மோரககுழமபு
     உருளைககிழஙகு வறுவல

திரையில் புள்ளி இருக்கிறது, தாளில் இல்லை.
மை மாற்றியாயிற்று, கம்பி மாற்றியாயிற்று.
கடைக்காரன் புது பிரிண்டர் வாங்கு என்கிறான்.
"யாரைக் கேட்பதென்று தெரியல.
மீன் வளர்க்கிறவங்க பொறுமைசாலிங்கன்னு சொன்னாங்க."

கேட்பதற்காகவே மீன் வாங்கியிருக்கிறார் மனிதர்.
எனக்கு அது அப்போதே புரிந்தது.
புரிந்த பிறகும் சொன்னேன்,
செயலாளர் குரலில்:
"நல்ல கேள்விதான். இடம்தான் இதுவல்ல."

யாரும் எதுவும் பேசவில்லை.
காற்றுக்குழாய் மட்டும் கொப்பளித்தது.
தவசீலன் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்,
விளிம்புக்கு விளிம்பு சரியாக.
ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டெக் ஹுவாட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"நாலே முக்கால். கால் மணி நேரம் இரு லா.
அஞ்சுக்கு மேல மேசை யாருக்கும் சொந்தமில்ல."

கோப்பிக் கடையில் தாளை வாங்கிப் பார்த்தார்.
முப்பது வருடம் அலுவலக பிரிண்டர்களோடு மல்லுக்கட்டியவர்.
தமிழ் ஓரெழுத்து தெரியாது.
'மோ'ரில் தொடங்கி விரலை நகர்த்தினார்.
"இங்க, இங்க, இங்க.
தலைக்கு மேல ஏதோ இருந்திருக்கணும்.
இடம் விட்டிருக்கு, ஆள் வரல."

ஐம்பது வருடமாகத் தமிழ் வாசிக்கும் நான்
உருளைககிழஙகைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேனே தவிர
அந்தக் காலி இடத்தைப் பார்க்கவில்லை.

"பட்டியலைப் படமாக்கி அனுப்பு.
பிரிண்டருக்கு வாசிக்கத் தெரிய வேணாம்,
என்னை மாதிரி."
கோப்பி ஓ ஆறுவதற்குள் முடிந்தது.

ஆகஸ்டில் தவசீலன் திரும்பி வந்தார்.
வந்து சொல்ல வேண்டும் என்று
எந்த அட்டையிலும் நான் எழுதியதில்லை.
டெக் ஹுவாட் முன்னால் புதுத் தாளை விரித்தார்.
அவரும் ஒவ்வொரு புள்ளியாக எண்ணிப் பார்த்து,
கணக்குச் சரி என்பதுபோல் தலையாட்டினார்.

அப்புறம் ஒரு கண்ணாடிப் புட்டி.
நுழைவுச்சீட்டாக வாங்கிய கப்பிகள்
குட்டி போட்டிருந்தன.
முப்பதோ நாற்பதோ,
கண் மட்டுமே உடம்பாக, கறுப்பாக.
தாளில் இறங்க மறுத்த புள்ளிகள் அத்தனையும்
இங்கே வந்து நீந்திக்கொண்டிருந்தன.

"இதுங்களை என்ன செய்யறது?" என்றார்.

இந்த முறை மீன் பற்றித்தான்.
ஏழு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.
தாயைப் பிரி. பிரிக்காதே. செடி போடு.
உப்பு ஒரு சிட்டிகை. உப்பா, ஐயோ.
தவசீலன் எல்லாவற்றையும்
பட்டியல் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டார்.
மணி ஏழரை.
எதில் எது சரி என்று
இன்னும் முடிவாகவில்லை.