மிச்சம் மூன்று

ஓவ்லு நகரத்து ஆஸ்பத்திரி, நான்காம் தளம்.
காலை ஒன்பதுக்கும் ஜன்னலில் இருட்டு.
என் வேலை எண்ணுவது.
புட்டியைக் கவிழ்த்து, நீலத்தட்டில் பரப்பி,
கரண்டி முனையால் இரண்டிரண்டாகத் தள்ளி
திரும்பி வந்த மாத்திரைகளை எண்ணுவது.

உள்ளே மருந்தா, வெறும் மாவா?
எனக்குத் தெரியாது.
டாக்டர் ஹில்லெவிக்குத் தெரியாது.
விழுங்குகிறவளுக்கும் தெரியாது.
கீழ்த்தள மருந்தகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது.
அந்த அலமாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஒஸ்மோ தினமும் எங்களோடு மீன் சூப் குடிக்கிறான்.
அவன் முகத்தைப் படிக்காமலிருக்கப் பழகிவிட்டோம்.

மீர்வா நூற்று நாற்பத்தொன்றாம் எண்.
இரவில் தெருப்பனியைத் தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
முந்தைய கர்ப்பங்கள் என்ற கட்டத்தில்
ஐந்து என்று எழுதினாள்.
பிள்ளைகள் என்ற கட்டத்தைச் சும்மா விட்டாள்.
காலியாக இருந்தால் கணினி ஏற்காது என்றேன்.
"நீயே போட்டுக்கொள்" என்று பேனாவை நீட்டினாள்.
அந்தச் சுழியத்தை மூட
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஏழாம் வாரம் கலைந்தது, ஒன்பதாம் வாரம் கலைந்தது,
மறுபடி ஏழு, என்று
தூக்கம் கலைந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.
குரோமோசோம், கருப்பையின் வடிவம்,
ரத்தம் உறையும் வேகம், தைராய்டு,
எல்லாம் பார்த்தாயிற்று.
காரணம் தெரியவில்லை என்பதற்கு
எங்களிடம் ஓர் எண் உண்டு: தொண்ணூற்றொன்பது.
இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் தொண்ணூற்றொன்பது.

"வண்டி குலுங்குமே, அதனாலா?"
இல்லை.
"சங்கிலி தூக்கி மாட்டினேனே, அதனாலா?"
இல்லை.
"முதல் தடவை உண்டானபோது
எனக்குச் சந்தோஷமாக இல்லை. அதனாலா?"
இதை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டாள்.
இல்லை என்றேன்.
இந்த இல்லையை
இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

ஆறாவது நின்றது.
ஏழு போயிற்று. ஒன்பது போயிற்று.
பதினாறாம் வாரம் கடைசிப் புட்டியைக் கொண்டுவந்தாள்.
எண்ணினேன். மூன்று மிச்சம்.
மறுபடி எண்ணினேன். மூன்று.
மூன்று இரவு விழுங்கவில்லையே, ஏன்?
கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டி,
"அந்த மூன்று ராத்திரியும்
பயப்பட மறந்துபோயிற்று" என்றாள்.
படிவத்தில் இதற்கு மூன்றே பதில்தான்:
பக்கவிளைவு, மறதி, விலகல்.
மறதி என்று குறித்தேன்.

முப்பத்தொன்றாம் வாரம் கால் வீங்கியது.
கண்முன் பூச்சி பறக்கிறது என்று
வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவளே போன் செய்தாள்.
ரத்த அழுத்தம் நூற்று எழுபது.
இந்தக் கேள்விக்கு எங்கள் ஆய்வில் இடமில்லை,
அது அடுத்த கட்டடத்து ஆட்களின் கேள்வி.
பத்து நாள் தாக்குப்பிடித்து, வயிற்றைத் திறந்து எடுத்தார்கள்.
ஆயிரத்து ஐந்நூற்று அறுபது கிராம். பெண்.
ஒரு கால் பூட்ஸ் நாடா அவிழ்ந்து கிடக்க
யார்னோ நடையில் நின்றுகொண்டே இருந்தான்.
உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்து
ஒஸ்மோ பட்டியலை மேசையில் வைத்தான்.
நூற்று நாற்பத்தொன்று: மாவு.
மீர்வாவிடம் சொன்னேன்.
போனில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.
"அப்போது எதுதான் பிடித்துவைத்தது?"
தெரியாது என்றேன்.
"சரி, இங்கே பனி கொட்டுகிறது" என்று வைத்துவிட்டாள்.
பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்தது.
வண்டியிலேயே உட்காரவைத்திருக்கிறாள்போல.

எண்பத்தெட்டாம் எண்ணுக்கு இன்னும் நான் பேசவில்லை.
மருந்து.
பத்தாம் வாரம்.
ஓர் இரவும் தவறவில்லை.
அவள் புட்டியையும் நான்தான் எண்ணினேன்.
கணக்குச் சரியாக இருந்தது.