தெருவிளக்குத் தீர்மானம்

ஹாஸ்லோவில் தெருவிளக்கு கிடையாது.
ஒன்றுகூட.
நூற்றி முப்பது வருட நடவடிக்கைப் புத்தகங்கள்
என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன,
குடைகளோடும் பூனையின் தட்டோடும்.
ஊராட்சியின் எழுத்தர் நான்.
எனக்கு வாக்கு இல்லை, பேனா உண்டு.

மகாராணியின் வைரவிழா வருடம்
விளக்குக் கம்பம் ஒன்று கேட்டிருக்கிறார்
கொல்லர் ஒபதையா ஸ்டாலர்ட்.
எண்ணெய்க்கு யார் காசு தருவது என்று
அரைமணி நேரம் பேசிவிட்டு
பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பன் வழங்கிக்
கலைந்திருக்கிறார்கள்.

வெளிச்சம் வந்தால் வாலிபர்கள்
தெருமுனையில் நின்று பேசுவார்கள் என்று
1911இல் பாதிரியார் எழுதிய கடிதம்
பக்கத்தோடு ஒட்டப்பட்டிருக்கிறது.
அதன் ஓரத்தில், வேறு மையில், யாரோ:
'இருட்டில் பேசுவதே இல்லை.
அதுதானே தொல்லை.'

பிறகு போர். இருட்டடிப்பு.
காவலர் எனோக் ட்ரௌவெல்
ஐந்து வருடம் மாதம் தவறாமல்
ஒரே வரியைத்தான் தந்திருக்கிறார்:
அணைக்க விளக்கு எதுவும் இல்லை.
ஒரு அக்டோபரில் மட்டும்
கூடுதலாக ஒரு வரி:
நிலா மிக அதிகம்.
யாரிடம் புகார் செய்வதென்று தெரியவில்லை.

ஐம்பத்தெட்டில் மின்வாரியத்து ஆள்
வரைபடத்தோடு வந்தார்.
நான்கு கம்பங்கள், இலவசம், என்றார்.
இலவசம் என்றதும்
ஊருக்கு வந்ததே ஒரு சந்தேகம்!

இந்த மாதம் மறுபடி.
கொண்டுவந்தவர் தாமசின் பாஸ்க்.
ஜனவரியில் அவர் கணவர் கிளெமென்ட்
தேவாலய வாசலுக்கு எதிரே
ஓடைப்பள்ளத்தில் சறுக்கி விழுந்து
இரண்டு மணி நேரம் உறைபனியில் கிடந்தார்.
டார்ச் அணையவில்லை.
அது வேறு பக்கம் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

ஆந்தைகளுக்கு ஆகாது என்றார் ரோலண்ட் ஃபிட்ச்.
வரி ஏறும் என்றது ஒரு குரல்.
நட்சத்திரங்களை நம்பித்தான்
இங்கே வீடு வாங்கினோம் என்றார்கள்
லண்டனிலிருந்து வந்த தம்பதி.
டாக்டர் அடெபாயோ மட்டும்
ராத்திரி அழைப்புக்கு வரும்போது
வீட்டு எண்ணைக் கையால் தடவித்தான்
கண்டுபிடிக்கிறேன் என்றார்.
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஆதரவு மூன்று, எதிர்ப்பு நான்கு.

நாற்காலிகளை அடுக்கினோம்.
தாமசின் படியில் நின்று
கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்,
மேலிருந்து கீழே, அவசரமே இல்லாமல்.
ரோலண்ட் டார்ச்சை ஏந்தி அருகே போனார்.
'உங்கள் வெளிச்சம் எனக்கு வேண்டாம்.'
சொல்லிவிட்டு நடந்தார் அவர்.
இருபதடி விட்டுப் பின்னால் நடந்தார் இவர்,
தோளுக்கு மேலே டார்ச்சைத் தூக்கி,
வெளிச்சம் அவள் தலையைத் தாண்டி
கால்களுக்கு முன்னே விழும்படி.
பள்ளம் வந்தது. ஒளி நின்றது.
பள்ளம் கடந்தது. ஒளி நகர்ந்தது.
ஒரு வார்த்தை இல்லை.

இதை எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டேன்.
நிகழ்ச்சிநிரலில் இல்லாததைப்
புத்தகத்தில் சேர்க்கக் கூடாது.

மண்டபத்தைப் பூட்டினேன்.
என் டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தது.
வீட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு,
இடப்பக்கம் மதில், அது முடியும் இடத்தில் பாசி,
பாசிக்கு அப்புறம் என் கதவு.
நூற்று நாற்பதில் எண்ணிக்கை தப்பியது.
அப்படியே நின்றேன்.
எங்கோ ஆந்தை கத்தியது,
ரோலண்டின் பக்கம் பேசுவதுபோல்.

அடுத்த கூட்டத்தின் பொருள்:
கல்லறை மதில். நாய்க்கழிவுத் தொட்டி.
பேருந்து நிழற்குடையின் கூரை. இதர.

'இதர'வுக்குக் கீழே,
பேனாவால் அல்ல,
பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்:
விளக்கு.